ஓர் ஒளிப்படத்தின் பின்கதையை எழுதுவது எப்படி?

1936 மார்ச்சில், கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற ஊருக்கு அருகே, பட்டாணி பறிக்க வந்து வேலையில்லாமல் தவித்த கூலித் தொழிலாளர்களின் முகாமில் ஒளிப்படக் கலைஞர் டோரதியா லாங் எடுத்த படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். கன்னத்தில் கைவைத்து எங்கோ வெறிக்கும் ஒரு தாய், அவர் தோள்களில் முகம் புதைத்த இரண்டு பிள்ளைகள், மடியில் ஒரு கைக்குழந்தை. அந்தப் படம் கிடைத்த கதையை லாங் 1960-இல் எழுதினார். முகாமைக் காட்டும் பலகையைக் கடந்து இருபது மைல் போன பிறகு, மனம் கேளாமல் வண்டியைத் திருப்பியதாக அதில் சொன்னார். அந்தப் பெண்ணின் பெயரையோ அவருடைய வரலாற்றையோ தாம் கேட்கவில்லை என்றும், உணவு வாங்குவதற்காக அந்தக் குடும்பம் காரின் டயர்களை அப்போதுதான் விற்றிருந்தது என்றும் எழுதினார். 1978-இல் அந்தப் பெண் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று தெரியவந்த பிறகு, டயர் விற்ற செய்தியை அவருடைய குடும்பத்தார் மறுத்தார்கள்.

இந்தக் கதையில் லாங் தம்மைப் பற்றிச் சொன்ன பகுதி இன்றும் படத்துக்கு வலு சேர்க்கிறது. சோர்ந்துபோய் வீடு திரும்பும் வழியில் வண்டியைத் திருப்பிய அந்த முடிவு இல்லையென்றால் படமே இல்லை. தகராறுக்கு உள்ளானது, எதிரில் இருந்தவரைப் பற்றி அவர் எழுதிய பகுதி. பின்கதை எழுத உட்காரும் எவரும் இந்த இரண்டுக்கும் நடுவே முதலிலேயே ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாம் செய்தது, நாம் நின்ற இடம், நம் கண்ணில் பட்டது ஆகியவற்றைத் தயங்காமல் எழுதலாம். அடுத்தவரின் வாழ்க்கையைப் பற்றியோ, அவர் வாயால் கேட்டதை மட்டும்தான் எழுதலாம். இந்த வழிகாட்டி அந்தக் கோட்டை ஒட்டியே செல்கிறது.

எந்தப் படத்துக்குப் பின்கதை வேண்டும்

எடுத்த எல்லாப் படங்களுக்கும் பின்கதை தேவையில்லை. மாலை வெயிலில் மின்னும் வயலின் படத்துக்கு ஊரும் மாதமும் போதும். படத்தில் தெரியும் ஒன்றுக்குப் படத்தில் தெரியாத ஒரு காரணம் இருக்கிறதா என்பதே நான் பயன்படுத்தும் சோதனை. காரணம் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் படத்தைத் தனியே விட்டுவிடுவது நல்லது.

பாரிஸின் சேன்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்புறம், தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரை ஆன்றி கார்டியே-பிரெசோன் 1932-இல் எடுத்த படம் இதற்குப் பொருத்தமான சான்று. பலகை வேலியின் இடைவெளி வழியாகக் கேமராவை நீட்டி எடுக்கப்பட்ட படம் அது. வேலியின் ஒரு பகுதி ஃப்ரேமின் ஓரத்தை மறைத்துவிட்டதால், படத்தை வெட்டுவதை வழக்கமாக விரும்பாத அவர், இதை வெட்டி அச்சிட வேண்டியதாயிற்று. இந்தச் செய்தி தெரிந்த பிறகு அதே படத்தைப் பாருங்கள். அவர் நினைத்த இடத்தில் நின்று, நினைத்தபடி கட்டம் கட்டி எடுத்த படம் அல்ல என்பது புரியும். ஒரு பிளவில் கிடைத்ததைப் பிடித்த கையின் வேகம் அதில் தெரியும். பார்ப்பவரை மறுபடியும் படத்துக்கே அனுப்பிவைக்கும் பின்கதைதான் எழுதத் தகுந்தது.

அன்றைக்கே குறித்துவையுங்கள்

ஆன்செல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் எடுத்த நிலவுப் படம், ஒளிப்பட வரலாற்றில் மிகுந்த திரைத்தன்மை (சினிமாக் காட்சியின் சாயல்) கொண்ட படங்களுள் ஒன்று. அதை எடுத்த விதம் அவருக்குத் துல்லியமாக நினைவிருந்தது. சாலையோரம் வண்டியை நிறுத்தி இறங்கிய அவசரத்தில் ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் (ஒளியை அளக்கும் அலகு) என்பது மனத்தில் இருந்ததால், அதைக் கொண்டே எக்ஸ்போஷரை, அதாவது எவ்வளவு ஒளியை உள்ளே விட வேண்டும் என்பதைக் கணக்கிட்டார். ஒரு படம் எடுத்து, இரண்டாவது எடுப்பதற்காகத் தகட்டுப் பெட்டியைத் திருப்புவதற்குள், கல்லறைச் சிலுவைகளின் மேல் விழுந்திருந்த வெயில் போய்விட்டது. இத்தனையும் நினைவில் வைத்திருந்தவர் தேதியைக் குறிக்கவில்லை. ஆண்டையே வெவ்வேறு சமயங்களில் வெவ்வேறு விதமாகச் சொல்லிவந்தார். நிலவு நின்ற இடத்தைக் கொண்டு வானியல் தெரிந்தவர்கள் கணக்கிட்டார்கள். முதலில் 1941 அக்டோபர் 31 என்று விடை வந்தது. பிறகு அது 1941 நவம்பர் 1, மாலை 4:49 என்று திருத்தப்பட்டது.

நம் கேமராக்கள் தேதியைத் தாமே எழுதிக்கொள்கின்றன என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. பேட்டரி தீர்ந்து நெடுநாள் கிடந்த கேமராவின் கடிகாரம் தன் தொடக்க ஆண்டுக்கே போயிருக்கும். வெளிநாட்டுப் பயணம் முடிந்து வந்த கேமரா அந்த நாட்டு நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். படத்தை வாட்ஸ்அப்பில் படமாகவே அனுப்பினால், கோப்போடு ஒட்டியிருந்த தேதி, லென்ஸ், ஷட்டர் விவரங்கள் உதிர்ந்துவிடும். ஆவணமாக அனுப்பினால் அவை தங்கும். எனவே படம் எடுக்கப் புறப்படும்போது கேமராவின் கடிகாரத்தைக் கைப்பேசியோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்வதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கேமரா எழுதிக்கொள்ளாதவைதான் பின்கதைக்கு உயிர். அவற்றைத் திரும்பி வரும் பேருந்திலேயே கைப்பேசியில் குரல்பதிவாகப் பேசிவைத்துவிடுவது எளிது. வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, படத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது, காதில் என்ன விழுந்தது, எதிரில் இருந்தவர் எந்தச் சொற்களில் பேசினார், நாம் ஏன் அந்த இடத்தில் நின்றோம் ஆகியவற்றைப் பேசுங்கள். குறிப்பாக, ஒருவர் சொன்னதை அவர் வட்டார வழக்கிலேயே பதிந்துவையுங்கள். மறுநாள் எழுதினால் அவர் பேச்சு நம் பேச்சாகிவிடும். நான் பார்த்தவரை, பின்கதைகளில் வரும் பொய்களில் பெரும்பாலானவை ஏமாற்றும் நோக்கத்தால் வருபவை அல்ல. மறந்த இடத்தைக் கற்பனை இட்டு நிரப்புவதால் வருபவை.

எடுத்த வரிசையை அழிக்காமல் வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ஃபிலிம் காலத்தில், சுருளில் எடுத்த எல்லாவற்றையும் ஒரே தாளில் சிறிதாக அச்சிட்ட கான்டாக்ட் ஷீட்டைப் பார்த்தால், தேர்ந்தெடுத்த ஃப்ரேமுக்கு முன்னால் எடுத்தவர் எங்கே தடுமாறினார், எப்போது இரண்டடி முன்னே போனார், அந்த ஃப்ரேமுக்குப் பிறகும் ஏன் தொடர்ந்து எடுத்தார் என்பதெல்லாம் வரிசையாகத் தெரியும். இன்று நாம் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை அன்றிரவே அழித்துவிடுகிறோம். பின்கதை எழுத எண்ணும் படத்துக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றையாவது தனி ஃபோல்டரில் போட்டுவையுங்கள். எழுதும்போது நினைவைத் திருத்துவதற்கு அவற்றைவிட நம்பகமான சாட்சி கிடையாது.

அன்றாடப் படம்: காரணத்தை எழுதுங்கள்

அன்றாட வாழ்க்கைப் படங்களுக்கு எழுதப்படும் பின்கதைகளில் அதிகம் காணப்படும் குறை, படத்தில் இருப்பதையே மறுபடி சொல்லுவது. அடுத்த குறை, அதன் மேல் ஓர் உணர்ச்சியை ஏற்றுவது. இரண்டையும் ஒரு படத்தைக் கொண்டு காட்டுகிறேன். சென்னையில் ஒரு தெருமுனையில் நான் எடுத்தது. தள்ளுவண்டியில் துணி தேய்க்கும் பெரியவர் ஒருவர் கரிப்பெட்டியைக் கையில் தூக்கி வீசுகிறார். பறக்கும் சாம்பல் வெயிலில் பொன்னிறமாகத் தெறிக்கிறது. முகம் தெருவைப் பார்த்திருக்கிறது. பின்னால் மேசையில் ஒரு பழைய வேட்டி விரித்துக் கிடக்கிறது.

பலரும் இதற்கு எழுதக்கூடிய பின்கதை இப்படி இருக்கும்:

“வாழ்க்கையின் சுமைகளைத் தோளில் தாங்கியபடி, நெருப்போடு போராடும் ஓர் உழைப்பாளியின் கண்களில் நான் கண்ட வலியும் நம்பிக்கையும்.”

இதில் ஒரு செய்திகூட இல்லை. வலியும் நம்பிக்கையும் அந்தப் பெரியவர் சொன்னவை அல்ல. எந்த ஊரில், எந்தத் தொழிலாளியின் படத்துக்கும் இதே வாக்கியத்தை ஒட்டலாம். நான் எழுதியது இது:

“பள்ளிச் சீருடைகள் திங்கட்கிழமை காலையில் குவிந்துவிடும் என்பதால், அன்று மட்டும் விடிவதற்கு முன்பே பெட்டியில் சிரட்டைக் கரியைப் பற்றவைத்துவிடுவதாகச் சொன்னார். கரியின் மேல் சாம்பல் மூடிச் சூடு குறையும்போது, பெட்டியைத் தூக்கி இருபுறமும் வீச வேண்டும். பக்கத்துத் துளைகளில் காற்றுப் புகுந்து கரி சிவக்கும், சாம்பல் பறக்கும். தேய்த்து அடுக்கியவை வெள்ளைச் சட்டைகள். ஒரு பொட்டுச் சாம்பல் விழுந்தாலும் மறுபடி துவைக்க வேண்டும். ஆகவே சட்டைகளை வேட்டியால் மூடிவிட்டு, அவற்றுக்கு முதுகைக் காட்டித் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டுதான் வீசுவார். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கிடைக்கும் வெயில் அந்த நேரத்தில் தெருவில் விழுந்துகொண்டிருந்தது.”

இதைப் படித்தவர் மறுபடி படத்தைப் பார்க்கும்போது வேட்டியைத் தேடுவார். அதுவரை வெறும் துணியாகக் கிடந்தது இப்போது காரணத்தோடு கிடக்கும். அவர் முகம் வெளிச்சத்தில் வந்தது தற்செயல் இல்லை, சட்டைகளைக் காப்பாற்றும் அக்கறையால் வந்தது என்பது தெரியும். அக்கறை என்ற சொல்லை நான் எழுதவில்லை என்பதையும் கவனியுங்கள். செயலைச் சரியாக எழுதினால் குணத்தைப் பெயரிட வேண்டியதில்லை.

எழுதும் முறை இதுதான். படத்தில் எல்லாருக்கும் தெரியும் ஒரு பொருளிலிருந்தோ செயலிலிருந்தோ தொடங்கி, அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டு, விடையைப் படத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவாருங்கள். அந்த விடை பெரும்பாலும் தொழிலுக்குள் இருக்கும். பூக்கட்டும் பெண் ஏன் வாழைநாரை ஈரத்தில் வைக்கிறார், மீனவர் ஏன் வலையை அந்தப் பக்கமாக மடிக்கிறார், தேநீர்க் கடைக்காரர் ஏன் அத்தனை உயரத்திலிருந்து ஆற்றுகிறார் என்று அவரிடமே கேளுங்கள். கேட்கும்போது அவர் நம்மைப் புதிதாகப் பார்ப்பார். தன் தொழிலை மதித்துக் கேட்பவரிடம் யாரும் பேசாமல் இருப்பதில்லை. படம் எடுக்கும் முன்பே இந்தப் பேச்சு நடந்துவிட்டால் அதைவிட நல்லது, ஏனென்றால் அடுத்து எந்தக் கணம் வரும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

நீளம் பற்றி ஒரு சொல். அன்றாடப் படத்துக்கு நூறு சொற்கள் ஏராளம். கேமராவின் பெயர், லென்ஸ், ஐஎஸ்ஓ போன்றவற்றை முதல் வரியில் வைக்காதீர்கள். யாரேனும் கேட்டால் பயன்படும் என்று தோன்றினால் கடைசியில் ஒரு வரியாகப் போடுங்கள்.

திரைத்தன்மை உள்ள படம்: வெளிச்சத்தின் ஊரைச் சொல்லுங்கள்

சினிமாக் காட்சி போன்ற படத்தைப் பார்ப்பவர் மனத்தில் முதலில் எழும் ஐயம், இது நிஜமா, ஏற்பாடு செய்ததா என்பதுதான். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து 2.39-க்கு 1 என்ற அகலத்துக்கு வெட்டி, நிழலில் நீலமும் தோலில் ஆரஞ்சும் ஏற்றினால் எந்தப் படமும் அந்தச் சாயலைப் பெற்றுவிடும் என்பதால், இந்த ஐயம் நியாயமானதே. எனவே இவ்வகைப் படத்தின் பின்கதையில் வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்பதையே முதன்மையாகச் சொல்ல வேண்டும்.

தஞ்சாவூர்–திருவாரூர் பாதையில் ஒரு ரயில்வே கேட். மார்கழி, விடிய இன்னும் நேரம் இருந்தது. வயலிலிருந்து எழுந்த பனி தண்டவாளத்தின் மேல் இடுப்பளவுக்கு நின்றது. பால் கேன்கள் தொங்கும் சைக்கிளில் ஒருவர் ஒற்றைக்காலை ஊன்றி நின்றிருந்தார். படத்தில் அவர் முகத்தின் ஒரு பாதியில் மட்டும் வெள்ளை வெளிச்சம் விழுந்திருக்கிறது. அவர் பின்னால் ரயில் ஒரு கோடாக இழுபட்டிருக்கிறது. பார்த்தவர்கள் பலர் என்ன விளக்கு வைத்தீர்கள் என்று கேட்டார்கள். வைக்கவில்லை. பனிக்குப் பயந்து பயணிகள் எல்லாப் பெட்டிகளிலும் ஜன்னல் ஷட்டர்களை இறக்கிவிட்டிருந்ததால், ரயில் ஏறக்குறைய இருட்டாகவே கடந்துகொண்டிருந்தது. முன்பதிவில்லாத பெட்டி ஒன்றில் மட்டும் சில ஜன்னல்கள் திறந்திருந்தன. அந்தப் பெட்டியின் விளக்குகள் அவர் முகத்தைக் கடந்த நொடியில் கிடைத்த படம் அது. ஷட்டர் வேகம் முப்பதில் ஒரு பங்கு நொடி. கால் ஊன்றி நின்றதால் அவர் அசையவில்லை, ஓடியதால் ரயில் கலைந்தது. இதைச் சொன்னபிறகு அந்த முகத்தின் வெளிச்சம் ஒரு விளைவாக மட்டும் நிற்பதில்லை. ஜன்னலைத் திறந்துவைத்துக் குளிரில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரும் படத்துக்குள் வந்துவிடுகிறார்.

நேரத்தையும் விளக்கின் வகையையும் குறிப்பது இதனால்தான் முக்கியம். பழைய சோடியம் விளக்கின் கீழ் எடுத்த தெருவில் நிறங்கள் எல்லாம் மஞ்சளுக்குள் ஒடுங்கிவிடும். எல்இடி விளக்கு வந்த பிறகு அதே தெரு வேறு தெருவாகிவிடும். இன்று எடுத்த படத்துக்கு இந்த வரி வெறும் தொழில்நுட்பக் குறிப்பு. பத்தாண்டு கழித்து அது ஊரின் வரலாறு. அந்தி நீலத்தில் எடுத்த படத்துக்கு ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பக்கம் சூரியன் மறைந்த பின் அந்த நிறம் இருபது நிமிடங்களுக்குள் தீர்ந்துபோகும். வடக்கே போகப் போக அது நீளும். குறைந்த நேரத்தில் எடுத்த முடிவுகளின் அருமை அப்போதுதான் வாசகருக்குப் புரியும்.

ஏற்பாடு செய்து எடுத்த படம் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் மறைப்பதைத்தான் தவறு என்கிறேன். பாரிஸ் நகர மன்றத்தின் முன்னே முத்தமிட்டுக்கொள்ளும் இளம் சோடியை ரோபேர் துவானோ 1950-இல் எடுத்தார். தெருவில் தற்செயலாகக் கிடைத்த காதல் கணம் என்றே உலகம் அதைப் பல பத்தாண்டுகள் நேசித்தது. படத்தில் இருப்பது தாங்கள்தான் என்று உரிமை கோரி வேறொரு தம்பதி 1990-களின் தொடக்கத்தில் நீதிமன்றம் போனபோது, நாடகம் பயின்ற ஓர் இளம் சோடியை வைத்து எடுத்தது என்பதை அவர் வெளிப்படுத்த வேண்டியதாயிற்று. படம் அன்றும் இன்றும் அழகானதுதான். ஆனால் “இளம் சோடி ஒன்றை நிற்கவைத்து எடுத்தது” என்ற ஒரே வரி தொடக்கத்திலேயே இருந்திருந்தால், யாரும் ஏமாந்ததாக உணர்ந்திருக்க மாட்டார்கள்.

எடுத்த பின் செய்த மாற்றங்களுக்கும் இதே விதி. லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைக் காகித நெகட்டிவில் படமெடுத்தார். அக்காலத்து வேதிப்பூச்சு நீல ஒளிக்கு அளவுக்கு மீறி உணர்வுடையது என்பதால், வானம் வெறும் வெள்ளையாக வெளிறிவிடும். ஆகவே சில நெகட்டிவ்களில் வண்ணம் தொட்டு மேகங்களை அவர் தாமே வரைந்து சேர்த்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 அச்சுகளாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒட்டிக் காட்டியவரும் அவரே. ஒட்டுகளையும் தீட்டல்களையும் அறிந்து பார்ப்பதால் அந்தப் படங்களின் மதிப்பு கூடுகிறதே தவிர குறைவதில்லை. ஆடம்ஸும் தம் நிலவுப் படத்தின் வானத்தை இருட்டறையில் ஆண்டுக்கு ஆண்டு கறுப்பாக்கிக்கொண்டே போனார், அதை அவர் மறைக்கவும் இல்லை. நிறத்தை மாற்றினேன், மின்கம்பியை நீக்கினேன், இரண்டு படங்களை இணைத்தேன் என்று இருப்பதை இருந்தபடி எழுதுங்கள். ஒரு பொருளை நீக்கியதும் சேர்த்ததும் கட்டாயம் சொல்ல வேண்டியவை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்ததைச் சொல்லுவது உங்கள் விருப்பம்.

படத்தில் இருப்பவர்

பெயர் கேளுங்கள், எழுத்துக்கூட்டியும் கேளுங்கள். பெயரைப் போடலாமா என்பதைத் தனியே கேளுங்கள். படம் எடுக்கத் தலையசைத்தவர் தன் பெயரும் கதையும் ஊரெங்கும் போவதற்கும் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தன் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்ற மனக்குறையைத் தாம்சன் பிற்காலத்தில் வெளிப்படுத்தினார் என்பதை நாம் மறக்கலாகாது. எழுதி முடித்ததும் அவரைப் பற்றிய வரிகளை அவருக்கே படித்துக்காட்டுங்கள். தேய்ப்பு வண்டிப் பெரியவர், “சிரட்டைக் கரின்னு போட்டீங்களே, அதுவே போதும் தம்பி, வீட்டு விஷயம் வேணாம்” என்றார். அவர் குடும்பத்தைப் பற்றி நான் எழுதியிருந்த இரண்டு வரிகள் அங்கேயே நீங்கின. படத்துக்கு அதனால் எந்தக் குறையும் வரவில்லை. குழந்தைகள் உள்ள படத்தில் பெயர், பள்ளி, தெரு மூன்றையும் விட்டுவிடுங்கள். கூடு கட்டியிருக்கும் பறவையின் படத்தில் இடத்தைப் பொதுவாகச் சொன்னால் போதும், சரியான இடம் தெரிந்தால் கூட்டம் அங்கே போய்விடும்.

ஓர் அச்சுப்படியை அவர் கையில் கொடுங்கள். திரும்பப் போகும் அந்தச் சந்திப்பில்தான் பல பின்கதைகளின் விடுபட்ட பகுதி கிடைக்கிறது. தன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் பேசுவது, கேமரா முன்னால் நின்று பேசுவதைவிட விரிவாக இருக்கும்.

எழுதியதை எங்கே வைப்பது

பின்கதை படத்தைவிட்டுப் பிரிந்துபோகாமல் பார்த்துக்கொள்வது கடைசி வேலை. டார்க்டேபிள், டிஜிகேம், லைட்ரூம் போன்ற ஒளிப்பட மென்பொருள் எதுவானாலும், படத்தோடு சேர்த்து விளக்கம் எழுதும் இடம் ஒன்று உண்டு. யார், எங்கே, எப்போது, என்ன என்ற நான்கையும், கீழே பின்கதையையும் அதில் தமிழிலேயே எழுதிவையுங்கள். அச்சுப்படியாக வைத்திருப்பவர்கள் பின்புறத்தின் ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதலாம். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் வரியாகத் தெரியும், மையும் நாளடைவில் கசியும். பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளில் பென்சில் பிடிக்காது. அத்தகைய படங்களைத் தனித்தனிக் காகித உறையில் போட்டு, உறையின் மேல் முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகு படத்தை உள்ளே வையுங்கள்.